‘எல்லாத்துக்கும் பொருந்தும்’ என்ற அண்ணாச்சிக்கு

ஒரு ஊசிக்காக மூன்று மாசமாக அலைகிறேன். தையல் ஊசி இல்லை, துப்பாக்கிக்குள்ளே இருக்கிற ஃபயரிங் பின், விசையை இழுத்ததும் தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தி வெடிக்க வைக்கிற முனை.

தாத்தா காலத்து இரட்டைக்குழல், 12 போர், பெல்ஜியத்தில் லியேஜ் ஊரில் செய்தது. குழலுக்கு அடியில் முட்டை வடிவ முத்திரைக்குள் ஈ.எல்.ஜி. என்று இருக்கும். குலசேகரத்துக்கு மேலே ரப்பரும் மரச்சீனிக் கிழங்கும் வைத்திருக்கிற எங்களுக்கு அது காட்டுப்பன்னியைக் கொல்ல இல்லை, நாமாகச் சுட்டால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் நாம்தான் உள்ளே போக வேண்டும். ராத்திரி வானத்தைப் பார்த்து ஒரு வெடி, கூட்டம் காட்டுக்குள் ஓடும், அவ்வளவுதான் அதன் வேலை.

ஃபயரிங் பின் முறிந்த புண்ணியம் என் மச்சினனுக்கு. விருந்துக்கு வந்தவன் காலித் துப்பாக்கியை எடுத்து டக் டக் என்று இழுத்துக்கொண்டே இருந்தான். உள்ளே தோட்டா இல்லாவிட்டால் அந்த அடியை வாங்க எதிரே ஒன்றும் கிடையாது, பின்தான் வாங்கும். கேட்டால் “சும்மா பார்த்தேன் அத்தான்” என்கிறான். போன தடவை வந்தபோது தேங்காய் எண்ணெய் வேறு விட்டுவிட்டுப் போயிருக்கிறான்! தலைக்கு, தோசைக்கு, கதவுக் கீலுக்கு எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் நமக்கு, சரி, ஆனால் அது நாளானால் பிசின் மாதிரி ஒட்டும், ஸ்பிரிங் அசையாது. இடவப்பாதியும் ஐப்பசி மழையும் மாறி மாறி ஊற்றுகிற ஊரில் துரு போதாதென்று இது ஒன்று.

சரி என்று லைசென்ஸ் உள்ள கடைக்குப் போனேன். பில்லோடுதான் ஒரு பின்னை வாங்கினேன். “கண்ணை மூடிட்டு மாட்டுங்க, 12 போர் எல்லாத்துக்கும் பொருந்தும்” என்றார் அண்ணாச்சி. என்னய்யா பொருந்தும்? 12 போர் என்பது குழலின் அளவு, உள்ளே இருக்கிற பூட்டின், அதாவது சுடும் பொறியின், அளவு இல்லை. அந்தக் காலத்தில் லியேஜில் வீட்டுக்கு வீடு உட்கார்ந்து அரத்தால் ராவி, ஒன்றுக்கொன்று உரசிப் பார்த்துச் சேர்த்த சாமான் இது, பக்கத்துத் துப்பாக்கியின் பின்கூட இதற்குச் சேராது. நீளம் கொஞ்சம் கூடினால் தோட்டாவின் பின்பக்கத்தில் பின் அடிக்கிற தொப்பியைத் துளைத்து வெடிவாயு முகத்துக்கு வரும், குறைந்தால் வெடிக்கவே வெடிக்காது.

திறக்கிறதுக்கே ஒரு கதை உண்டு. இதன் திருகாணிகளின் தலையில் உள்ள வெட்டு நூல் கனம்தான், அதற்கென்று ராவின ஸ்குரூடிரைவர் வேண்டும். முன்பு யாரோ ஒரு மகராசன் சைக்கிள் கடை ஸ்குரூடிரைவரை வைத்துத் திருகி, தலையை எலி கொறித்த மாதிரி ஆக்கி வைத்திருக்கிறான். இதே அண்ணாச்சி 70 மில்லிமீட்டர் தோட்டாவையும் நீட்டினார் என்றால் பாருங்கள். என்னுடையதில் தோட்டா உட்காருகிற அறை 65 மில்லிமீட்டர்தான். நீளத் தோட்டாவும் உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து, வெடித்து வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். இதையெல்லாம் வாங்குகிற நான் விற்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

லேத் பட்டறைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், 1959 ஆயுதச் சட்டத்தில் உதிரிப் பாகமும் ஆயுதம்தான், லைசென்ஸ் இல்லாமல் பழுதுபார்த்தால் கேஸ். கைத்திறன் உள்ள ஒரு பெரியவர் இருக்கிறார், அடுத்த மாவட்டத்தில். என் லைசென்ஸில் எழுதியிருப்பதோ கன்னியாகுமரி மாவட்டம் மட்டும். ஆக, ஒரு ஊசி மாட்ட ஒரு மனு, அதற்கு ரெண்டு நகல், “நாளைக்கு வாங்க” நாலு தடவை.

நேற்று ராத்திரி தகர டின்னைத் தட்டினேன். தாய்ப்பன்னி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, குட்டிகளோடு அடுத்த மரச்சீனிச் செடியைத் தோண்டப் போய்விட்டது.