அணியின் பெயருக்கு மட்டும் புள்ளி போடாதீர்கள்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் தமிழ்க் கொப்பிகளைக் கொஞ்ச நாளாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறேன். அக்காவின் மகளுடையது, எங்கள் ஒழுங்கையில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுடையது எல்லாம். எந்தக் கொப்பியைத் திறந்தாலும் செய்யுளுக்கு அழகு சேர்க்கிற அணிகள், தொடைகள் என்று ஒரே பட்டியல்தான். உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், உயர்வு நவிற்சி, சிலேடை, எதுகை, மோனை, இயைபு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வரைவிலக்கணம், ஒரு வரி உதாரணம். மதிமுகம் என்றால் உவமை, முகமதி என்றால் உருவகம். கேட்டால் பிசகாமல் சொல்கிறார்கள். சரி, முகத்தை நிலவு போல என்று சொல்லாமல் நிலவாகவே ஆக்கிவிட்டால் அந்த வரியில் என்ன கூடுகிறது என்று மருமகளிடம் கேட்டேன். "அதெல்லாம் பேப்பரில் வராது மாமா" என்றாள்.

எனக்கு அவள் மேல் கோபமே இல்லை. எதற்குப் புள்ளி கிடைக்குமோ அதைத்தான் பிள்ளை படிக்கும்.

இந்தக் கலைச்சொற்களே வேண்டாம், பிள்ளைகளைச் சும்மா கதை வாசிக்க விடுங்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஒரு வரி நம்மைப் பிடித்து இழுக்கிறது, ஏன் என்று இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு பெயர் வேண்டும். பெயர் இருந்தால்தான் இரண்டு பேர் ஒரே இடத்தைப் பார்த்துப் பேசலாம். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் 35 பொருளணிகளைப் பிரித்துப் பெயரிட்டது மனனம் செய்து ஒப்புவிக்க என்று நான் நம்பவில்லை. அதற்கும் எவ்வளவோ முந்திய தொல்காப்பியத்தின் உவமவியல் எப்படித் தொடங்குகிறது பாருங்கள், "வினை பயன் மெய் உரு" என்ற நான்கைத்தான் முதலில் வைக்கிறது. செயலால் ஒப்பா, பயனால் ஒப்பா, வடிவத்தாலா, நிறத்தாலா? புலி போலப் பாய்ந்தான் என்றால் பாய்ச்சல்தான் ஒப்பு, வரியும் வாலும் இல்லை. மழை போன்ற கை என்றால் கொடுக்கிற பயன். இந்த ஒரு கேள்வியை மட்டும் வகுப்பில் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும், உவமானம் எது உவமேயம் எது பொதுத்தன்மை எது என்று தனியாக அட்டவணை போடத் தேவையே வராது, அது தானாக வாயில் வரும்.

ஆனால் நாங்கள் செய்வது தலைகீழாக இருக்கிறது. முதலில் பெயர், பிறகு வரைவிலக்கணம், பிறகு உதாரணத்துக்காகப் பாடலிலிருந்து பிய்த்தெடுத்த ஒரு துண்டு. முழுப் பாடல் பிள்ளையின் காதில் விழுவதே இல்லை.

திருகோணமலையில் இருந்துகொண்டு இதைச் செய்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்த ஊருக்கு ஒரு பதிகம் பாடியிருக்கிறார். "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே". இதைப் பிள்ளைகள் வாய்விட்டு, மெதுவாகச் சொல்லட்டும். கு, கொ, கோ என்று அடித்தொண்டையில் இடித்து இடித்து வருகிறது பாருங்கள், கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்குக் கீழே தண்ணீர் பாறையில் மோதுகிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. அதற்குப் பிறகு சொல்லுங்கள், இதன் பெயர் மோனை என்று. அதே பாட்டின் நான்கு அடிகளும் எப்படித் தொடங்குகின்றன? நிரைகழல், வரைகெழு, கரைகெழு, குரைகடல். இரண்டாம் எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எதுகையைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

அதோடு நிறுத்தவும் வேண்டாம். சம்பந்தர் இங்கே வந்ததில்லை, இராமேசுவரத்தில் நின்றே கோணமலையைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்படியானால் சந்தனமும் அகிலும் மணியும் கடல் வாரிக்கொண்டு வந்து கரையில் சேர்க்கிறது என்பது கண்டு சொன்னதா, புலவர் மரபா, மிகைப்படுத்திச் சொல்கிற உயர்வு நவிற்சியா? பாடலுக்குள்ளேயே இதற்கு ஏதும் தடயம் இருக்கிறதா? கடற்கரையில் வளர்ந்த பிள்ளை, அது சைவப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ கிறிஸ்தவப் பிள்ளையோ, இதில் வாய் திறக்காமல் இருக்காது. எங்கள் கடலைப் பற்றி எங்களைவிட யார் பேசுவது?

பந்தியை வாசித்து விடை எழுதுகிற கிரகித்தல் பகுதி இன்னும் மோசம். பந்தியை வாசிக்காமல் முதலில் கேள்வியை வாசி, கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடு, அந்த வசனத்தை அப்படியே எடுத்து எழுது. இதைப் பரீட்சை நுட்பம் என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் சில பிள்ளைகளுக்கு இரண்டு வசனம் எழுதிக் கொடுத்தேன்: "கடலுக்குப் போன வள்ளங்கள் எல்லாம் விடியமுன்னம் கரைக்கு வந்துவிட்டன. அவள் வீட்டில் மட்டும் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது." அவள் ஏன் விளக்கை அணைக்கவில்லை? நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்று, இரண்டு தரம் பார்த்துவிட்டு, விடை பந்தியில் இல்லை என்று எழுதித் தந்தது. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் என்றால் அந்த விளக்கின் பொருள் அதற்குத் தெரியாமல் இருக்குமா? பேப்பர் என்று வந்தவுடன் தனக்குத் தெரிந்த எதையும் கொண்டுவரக் கூடாது என்று அதைப் பழக்கி வைத்திருக்கிறோம். சொல்லாமல் விட்டதை ஊகித்து அறிகிற உய்த்துணர்தல் என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் கேட்டிருந்தால் முழுப் புள்ளியும் எடுத்திருக்கும்.

இது தமிழ்ப் பாடத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் எத்தனை அம்மாமார் நுண்கடன் பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வாராவாரம் தவணைக்காரருக்குப் பயந்து ஒளிந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்கள்தான். இதில் என்ன சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், தவணை தவறினால் என்ன என்று ஏன் எழுதவில்லை என்று ஒரு தாளைப் பார்த்துக் கேட்கிற பழக்கத்தைத்தான் பள்ளிக்கூடம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. வட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு செய்தியை யார் சொல்கிறார், யாருக்காகச் சொல்கிறார் என்று கேட்பதும் கதையில் நோக்குநிலை படிப்பதும் ஒரே வேலைதான்.

ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், மேலிடத்தில் சித்தி வீதம் கேட்பார்கள், பெற்றோர் எங்களைப் போன்றவர்கள் ஏ வருமா பி வருமா என்று வாசலில் நிற்கிறோம். அதனால்தான் வினாத்தாளும் புள்ளித்திட்டமும் தயாரிக்கிறவர்களிடம் கேட்கிறேன். அணி பற்றிய கேள்விக்கு மூன்று புள்ளி என்றால் பெயருக்கு ஒன்று போதும், அந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்று பிள்ளை தன் சொல்லில் எழுதுவதற்கு மிச்சம் இரண்டையும் கொடுங்கள். மாதிரி விடையில் இல்லாத விடை என்றாலும் பாடலிலிருந்து காரணம் காட்டினால் ஏற்றுக்கொள்ளுங்கள். புள்ளி மாறினால் டியூஷன் நோட்ஸும் அடுத்த வருடமே மாறும்.

அதுவரை, மூதூரிலோ கிண்ணியாவிலோ நகரத்திலோ தமிழ் படிப்பிக்கிற நண்பர்களே, அடுத்த பாடத்தில் பட்டியலைக் கரும்பலகையில் எழுதமுன் ஒரு முழுப் பாடலைப் பிள்ளைகள் சத்தமாக வாசிக்கட்டும். வரைவிலக்கணத்தையும் அவர்களே எழுதிப் பார்க்கட்டும், பிழைத்தால் திருத்திவிடலாம்.