ஓ.டி. தடையும் 480 நாள் கணக்கும்

சங்கம் ஓ.டி.க்கு, அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல் பார்க்கும் ஓவர்டைம் வேலைக்கு, தடை போடுகிறது. நிரந்தரத் தொழிலாளி ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறார். லைன் நிற்பதில்லை, காண்ட்ராக்ட் ஆளும் ட்ரெய்னியும் இன்னும் 4 மணி நேரம் ஓட்டிக் கொடுக்கிறார்கள். இதற்குப் பெயர் தடையா?

தற்காலிகத் தொழிலாளியை வெளியே நிறுத்திவிட்டு எட்டு மணி நேரத்தைக் காப்பாற்ற முடியாது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் ஓ.டி.க்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. மாதக் கடைசியில் காண்ட்ராக்ட் முடியப்போகிறவர் எப்படி மறுப்பார்? ஓ.டி.க்குத் தரும் இரட்டிப்புக் கூலியிலும் ஒரு சூது உண்டு. மாதம் 15,600 ரூபாய், 26 நாள், 8 மணி என்றால் மணிக்கு 75, இரட்டிப்பு 150. பழைய ஃபேக்டரி சட்டத்தில் படிகளையும் சேர்த்துத்தான் கணக்கு. கூலிக்குத் தரும் புதிய விளக்கத்தில் வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவற்றை மொத்தச் சம்பளத்தில் பாதி வரை கழிக்கலாம். பாதியைக் கழித்து இரட்டித்தால் அதே 75! சம்பளச் சீட்டைப் பிரித்துப் பார்க்காத சங்கத்துக்கு இது கண்ணில் படாது.

தமிழ்நாட்டில் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டம். 50 பேருக்குக் குறையாத இடத்தில், 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். வராதவருக்குப் பதிலாக வேலை பார்க்கும் பதிலியும் இதில் வருவார்; கட்டட வேலையும் சீசன் தொழிலும் வராது. பலர் தோற்பது நாள் கணக்கில்தான். 480-ஐ நெருங்கும்போது 'பிரேக்' என்று சில நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார்கள், அல்லது காண்ட்ராக்டர் பெயரை மாற்றிப் புதிதாகச் சேர்ந்ததாகக் காட்டுவார்கள். பி.எஃப். பாஸ்புக்கில் எந்த மாதம் யார் பணம் கட்டினார் என்பது இருக்கும். அதோடு இ.எஸ்.ஐ. பங்களிப்பு விவரம், கேட் பாஸ், சூப்பர்வைசர் ஷிஃப்ட் போட்டு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ். இந்த மெசேஜ் முக்கியம்: வேலை ஏவியது கம்பெனியா காண்ட்ராக்டரா என்ற கேள்வியில்தான் காண்ட்ராக்ட் ஆளின் வழக்கு நிற்கும் அல்லது விழும். இதையெல்லாம் முதல் மாதத்திலிருந்தே சங்கம் நகலெடுத்து ஃபைல் போட வேண்டும். கேட்டுக்கு வெளியே நிறுத்தியபின் தேடினால் கிடைக்காது.

"அவர்கள் சந்தா கட்ட மாட்டார்கள், நாளைக்குப் போய்விடுவார்கள்" என்பது நிர்வாகிகளிடம் தயாராக இருக்கும் பதில். சரி, கணக்கையே பார்ப்போம். பல சங்கங்கள் உள்ள ஆலையில் நிர்வாகத்துடன் தனித்துப் பேசும் உரிமை, மஸ்டர் ரோலில் (கம்பெனியின் தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) உள்ளவர்களில் 51 சதவீதம் வைத்திருக்கும் சங்கத்துக்கு. குறித்த கால நியமனத்தில் வந்த ஆளும் அதே மஸ்டர் ரோலில்தான் இருக்கிறார். அவருக்கு இன்னும் சந்தா ரசீது போட்டு உறுப்பினராக்கவில்லை என்றால், 51-ஐ எங்கிருந்து கொண்டுவரப் போகிறீர்கள் தோழர்?