குளுகுளு என்று தலைப்பு வைப்பதற்கு முன்னால் மேலே ஒரு போன் போட்டுக் கேளுங்கள்

முந்தாநாள் சாயங்காலம் வந்த அந்தச் செய்தி வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் நட்புப் பட்டியலில் பாதிப் பேர் ஷேரும் செய்திருக்கிறீர்கள். "குளுகுளு ஏற்காடு, சுற்றுலாப் பயணிகள் குதூகலம்." ஏரிக்கரையில் குடை பிடித்துக்கொண்டு செல்ஃபி, கையில் மிளகாய் பஜ்ஜி, பின்னால் பனிமூட்டம், அதற்கு ஒரு பாட்டு. எந்தச் சேனல் என்று நான் எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். அந்தச் செய்தியில் ஏற்காட்டில் குடியிருக்கிற ஒருவருடைய முகம்கூட வரவில்லை. பஜ்ஜி போட்டவரின் கை மட்டும் வந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஏற்காட்டு மலை மேலே இருக்கிற என் தோழிக்குப் போன் போகவில்லை. கொட்டச்சேடு பக்கம் காற்றில் சில்வர் ஓக் மரம் சாய்ந்து லைன் அறுந்து மதியத்திலிருந்தே கரண்ட் இல்லை, கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விட்டது. ராத்திரி வெகு நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "வீட்டுக்கு ஒண்ணும் ஆகலடி, மாட்டுக் கொட்டாய்த் தகரம்தான் பறந்துபோச்சு" என்றாள். டிவியில் உங்கள் ஊர் வந்தது என்று சொன்னேன். "அப்படியா, வந்துச்சா?" என்று கேட்டாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. என்ன காட்டினார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கமும் வரவில்லை.

சொல்ல வந்தது ஒன்றுதான். எங்கள் சேலம், ஏற்காடு பக்கத்து மழையைச் செய்தி ஆக்கும்போது, அது யார் கூரை மேல் பெய்கிறதோ அவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களை மட்டும் கேட்டுவிட்டு ஓடிப்போகாதீர்கள்.

ஏற்காட்டில் மழை என்றால் என்ன அர்த்தம் என்று அந்த மைக் பிடித்த தம்பிக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அந்த மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தார். அன்றையிலிருந்து இருநூறு வருஷமாக மழையைக் கணக்குப் பார்த்தே அந்த மலை பிழைக்கிறது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழ வேண்டும். விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் காபிச் செடி மொத்தமும் மல்லிகை மாதிரி பூத்து நிற்கும். மழை தள்ளிப்போனால் மொட்டு கருகும். பூ விரிந்திருக்கிற நாளில் அடித்துப் பெய்தால் மகரந்தம் சேராது. அப்புறம் கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். நவம்பரில் பழம் சிவக்க ஆரம்பித்த பிறகு பெருமழை வந்தால் பழம் வெடித்துக் கீழே கொட்டிவிடும், பறித்ததையும் களத்தில் காயவைக்க முடியாது. ஒரே மழைதான். ஒரு வாரம் முன்னால் வந்தால் வரம், ஒரு வாரம் பின்னால் வந்தால் நஷ்டம். தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களுக்கு அந்த வருஷம் எத்தனை நாள் கூலி என்பதும் அதில்தான் இருக்கிறது. இதில் "குளுகுளு" எங்கே இருக்கிறது?

2024 டிசம்பரை யாரும் மறந்திருக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் வருகிறது என்று எல்லா கேமராவும் மெரினாவைப் பார்த்துக்கொண்டு நின்றது. புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறி, நிதானமாக உள்ளே நடந்து எங்கள் பக்கம் வந்தது. டிசம்பர் 2 காலையில் எடுத்த 24 மணி நேரக் கணக்கில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33, ஏற்காட்டில் 24. ஏற்காடு மலைப்பாதையில் பல இடத்தில் மண் சரிந்து, பாறை உருண்டு, போக்குவரத்தையே நிறுத்தினார்கள். திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு பேர் இறந்துபோனார்கள். ஊத்தங்கரையில் வேன்கள் வெள்ளத்தில் உருண்டோடுகிற வீடியோ போனில் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் பல பேருக்கு அந்த ஊர் எந்த மாவட்டம் என்றே தெரிந்தது. அதுவரைக்கும் "சென்னை தப்பித்தது" என்று நிம்மதிப் பெருமூச்சு. சென்னை தப்பித்ததில் எனக்கும் நிம்மதிதான், என் சித்தி பொண்ணு வேளச்சேரியில் இருக்கிறாள். ஆனால் புயல் அத்தோடு முடிந்துவிட்டது போலப் பேசியது இன்னும் வலிக்கிறது.

அந்த வலி மலையோடு சேர்ந்தது மட்டும் கிடையாது. எங்கள் அம்மா வீடு சேலம் டவுனில் அம்மாபேட்டை. தாத்தா குழித்தறி நெய்தவர். குழித்தறி என்றால் தரையில் குழி வெட்டி, நெய்கிறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். மேலே இருந்து ஒழுகினால் பாத்திரம் வைக்கலாம், கீழே இருந்து ஊறுவதற்கு என்ன செய்வது? அம்மாயி விடியற்காலையில் எழுந்து போசியில் மொண்டு மொண்டு வாசலில் கொண்டுபோய் ஊற்றுவார். மொண்டு முடித்து நிமிர்வதற்குள் குழியின் ஓரத்தில் மறுபடியும் கசிந்து, சேறு மினுமினுக்கும். மிதிக்கட்டை ஊறிப் பருத்துப்போகும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் ஈரம் ஏறித் தொய்ந்துவிடும், இழை இழையாக அறும். தாத்தா தறியைத் தொடமாட்டார், திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு நெய்தால்தான் கூலி. அந்த நாட்களில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். குழந்தைகள் நாங்கள் மழையில் ஆடினால் அம்மாயி அதட்டமாட்டார். ஆனால் சிரிக்கவும் மாட்டார். அது ஏன் என்று எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

இன்றைக்கும் அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி என்று குழித்தறி மிச்சம் இருக்கிற வீடுகளில் போய்ப் பாருங்கள். ஆத்தூர் பக்கம் சேகோ பேக்டரிக் களத்தில் போய்ப் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் ஜவ்வரிசி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். வடக்கே வானம் கறுத்தால் அத்தனை பேரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பச்சப்பட்டியில், சிவதாபுரத்தில் போய்க் கேளுங்கள், வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் வந்த ராத்திரியில் பிள்ளைகளை எங்கே படுக்கவைத்தார்கள் என்று. இந்த ஊரில் மழைச் செய்திக்கா பஞ்சம்?

சரி, என்ன கமெண்ட் வரும் என்று எனக்குத் தெரியும்.

"சுற்றுலா இல்லாவிட்டால் ஏற்காட்டுக்காரன் எப்படிப் பிழைப்பான்?" என்று முதல் ஆள் வருவார். சுற்றுலா வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஒண்டிக்கடை பக்கம் கடை வைத்திருக்கிறவர்களை எனக்கும் தெரியும், மே மாதக் கோடை விழாக் கூட்டத்தை நம்பி அவர்கள் கடன் வாங்கிச் சரக்குப் போடுவதும் தெரியும். நன்றாக வாருங்கள், தங்குங்கள், செலவு பண்ணுங்கள். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் காலையிலேயே அடிவாரத்தில் வண்டி வரிசை கட்டி நின்றதே, அதை யாராவது செய்தி ஆக்கினார்களா? இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற பாதை அது. ஈரம் காயவில்லை, ஒடிந்த கிளைகளை அப்போதுதான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மலை ஓட்டிப் பழக்கமே இல்லாதவர்கள் வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போட்டோ எடுக்கிறார்கள். மேலே அறுபதுக்கும் மேற்பட்ட மலைக்கிராமங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு பொம்பளைக்குப் பிரசவ வலி எடுத்தால் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இறக்குவதற்கு இந்தப் பாதை, இல்லையென்றால் குப்பனூர் பாதை. வேறு என்ன வழி இருக்கிறது? செய்தி வாசிக்கிறவர் ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம், "பாதையில் மரம் விழுந்திருக்கிறது, இரண்டு நாள் கழித்து வாருங்கள்" என்று. அந்த ஒரு வரிக்கு நேரம் இல்லை, பாட்டுக்கு இருக்கிறது.

"உங்களுக்குச் சென்னைக்காரர்கள் மேல் பொறாமை" என்று இன்னொருவர் சொல்வார். போன தடவை எழுதியபோதே சொன்னார். பொறாமை எல்லாம் ஒன்றும் இல்லை.

"மழையே வேண்டாம் என்கிறீர்களா?" என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? 2024 ஏப்ரல் கடைசியில் சேலத்தில் வெயில் 107 டிகிரியைத் தாண்டியது. நாலு பக்கமும் மலை, வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நடுவில் நாங்கள். ராத்திரி பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். அந்த ஊரில் பிறந்தவளுக்கு மழை வேண்டாமா? எனக்கு உலகத்திலேயே பிடித்தது கோடை மழை விட்ட மறுநாள் காலை. அஸ்தம்பட்டியில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை கழுவி வைத்த மாதிரி பக்கத்தில் வந்து நிற்கும், மடிப்பு மடிப்பாகத் தெரியும். மழைச் சாயங்காலத்தில் தட்டுவடை செட் சாப்பிடப் போகாமல் எனக்கு இருக்க முடியாது. கேரட், பீட்ரூட் துருவலை அள்ளி வைத்து, இரண்டு சட்னியும் ஊறி, தட்டுவடை நமுத்துப்போவதற்குள் வாயில் போட வேண்டும். அந்தச் சுகம் எனக்கும் தெரியும். மழையை ரசிப்பது தப்பு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ரசிக்கிறவர்களை மட்டும் காட்டிவிட்டு, நனைகிறவர்களை மறைத்துவிடுகிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

மழைக்கு மட்டும் இப்படி இல்லை. மேட்டூர் அணை நிரம்பினால் எல்லா சேனலும் வரும். 120 அடி, 93.47 டிஎம்சி, பதினாறு கண் மதகில் தண்ணீர் பாய்கிற காட்சி, டெல்டா விவசாயிகள் மகிழ்ச்சி. மகிழட்டும், அவர்கள் மகிழ்ந்தால்தான் நமக்குச் சோறு. அணை இருப்பது சேலம் மாவட்டத்தில். அதே மாவட்டத்தில் வறண்டு கிடக்கிற ஏரிக்கரைகளில் எந்த மைக்காவது வந்து நின்று பார்த்திருக்கிறீர்களா? சேர்வராயன் மலையில் பிறந்து எங்கள் டவுனுக்குள் ஓடுகிற திருமணிமுத்தாறு பக்கம் நின்று யாராவது பேசியிருக்கிறார்களா? மூக்கைப் பொத்திக்கொண்டாவது ஒருநாள் நிற்கலாம். எங்கள் ஊர் உங்களுக்குக் காட்சிக்கு வேண்டும், தண்ணீருக்கு வேண்டும், பழத்துக்கு வேண்டும். எங்கள் பேச்சு மட்டும் வேண்டாம். கல்யாண வீட்டில் பார்த்தால் "சேலமா? அங்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு அடுத்த வாரம் லாங் வீக்எண்டுக்கு ஏற்காட்டில் ரூம் கிடைக்குமா என்று எனக்கே மெசேஜ் போடுவார்கள். இதையெல்லாம் பல வருஷமாக முழுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பழம் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தக் காற்று மேலே மட்டும் அடிக்கவில்லை. வரகம்பாடியில் எங்கள் வீட்டுக்காரரின் சித்தப்பா மாந்தோப்பில் நேற்றுக் காலையில் போய்ப் பார்த்தோம். மரத்தடி முழுக்கக் காய். மல்கோவா இன்னும் முற்றவில்லை, கையில் எடுத்தால் கல் மாதிரி கனக்கிறது, காம்பு முறிந்த இடத்தில் பால் வடிந்து மண் ஒட்டியிருக்கிறது. அடிபட்ட காய் பழுக்காது, ஒருபக்கம் அழுகும். ஊறுகாய்க்குக் கேட்டு வந்த வியாபாரி சொன்ன விலையைச் சித்தப்பா என்னிடம் சொல்லவில்லை, சித்திதான் அப்புறம் சொன்னார். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் என்ன கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அதனால், வருஷா வருஷம் போல இந்த வருஷமும் "மல்கோவா பெட்டி எப்போ அனுப்புவீங்க?" என்று கேட்டிருக்கிற சென்னை, பெங்களூர் சொந்தங்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அண்ணி, பெரியம்மா, எல்லோருக்கும்தான். மல்கோவா சந்தேகம். இமாம்பசந்து மேட்டுத் தோப்பில் கொஞ்சம் தப்பித்திருக்கிறது, சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன். விலை போன வருஷத்தைவிடக் கூடத்தான் இருக்கும், பேரம் பேசாதீர்கள். அவருக்கு ஒரு போன் போட்டு, காற்று எப்படி அடித்தது, மரம் எத்தனை போச்சு என்று கேட்டுவிட்டு, அப்புறம் பெட்டியைக் கேளுங்கள். நம்பர் வேண்டுமானால் இன்பாக்ஸில் வாருங்கள்.