கடைசி இரண்டு பாடங்கள் என்ன ஆகும்?
முதலாண்டு வேதியியலில் 10 குறுந்தேர்வுகளில் சிறந்த 8-ஐ மட்டும் கணக்கில் எடுக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. நோக்கம் நல்லதுதான். ஆனால் முதல் எட்டிலேயே நன்றாக மதிப்பெண் வாங்கியவர்களில் பலர் கடைசி இரண்டு தேர்வுகளுக்கான பாடங்களைத் தொடவே மாட்டார்கள். அடுத்த பருவத்துக்குப் பெரும்பாலும் அவைதான் அடிப்படை. தவறவிட்ட தேர்வை நீக்காமல், அதற்குரிய மதிப்பெண் பங்கை இறுதித்தேர்வில் அதே பாடத்திலிருந்து வரும் வினாக்களுக்கு ஏற்றிவிடுங்கள்.

மறுதேர்வு வைத்தால் பழைய வினாவில் எண்களை மட்டும் மாற்றுவது வீண். 0.1 மோலார் (செறிவு அலகு) அசிட்டிக் அமிலத்தின் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) சுமார் 2.9 என்று கணக்கிட்டவரிடம், பத்து மடங்கு நீர்த்தால் எவ்வளவு ஏறும் என்று கேளுங்கள். வலிமிகு அமிலக் கணக்குப் பழக்கத்தில் இருப்பவர் 1 என்பார். அசிட்டிக் போன்ற வலிகுறை அமிலம் ஓரளவே அயனிகளாகப் பிரியும் சமநிலை புரிந்தவர் ஏறக்குறைய 0.5 என்பார்.

ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சியில் மட்டும் தேர்வை விட்டுவிடும் இந்தத் தளர்வு கூடவே கூடாது.