தீபாவளி பர்ச்சேஸுக்குத் தி.நகர் கிளம்பும் முன்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் ரங்கநாதன் தெருவில் போலீஸ் மைக் ஓய்வதே இல்லை. நகையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்ளுங்கள், பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள், குழந்தைகள் கையை விடாதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கண்காணிப்புக் கோபுரம், கேமரா, மஃப்டியில் போலீஸ் என்று தி.நகரிலும் வண்ணாரப்பேட்டையிலும் வருடா வருடம் ஏற்பாடு நடக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் எனக்கு நெடுநாளாக ஒரு ஆதங்கம். பண்டிகைக் கூட்டத்தில் பாதுகாப்பு என்றாலே பிக்பாக்கெட்டோடு நம் யோசனை நின்றுவிடுகிறது. போன செயினை எப்படியோ கஷ்டப்பட்டு இன்னொரு வருடம் வாங்கிவிடலாம். நெரிசலும் தீயும் அப்படியில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு ரயில் நிலையத்தில் 2017 செப்டம்பர் 29 அன்று நடந்தது நினைவிருக்கிறதா? ஆயுத பூஜை நாள், காலை நேரம், திடீர் மழை. நனையாமல் இருக்க நடைமேம்பாலத்திலும் படிக்கட்டிலும் ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். பின்னால் வந்த ரயில்களிலிருந்து இறங்கியவர்களும் அதே படிக்குத்தான் வந்தார்கள். 23 பேர் செத்துப்போனார்கள். நம் தீபாவளி வருவதும் ஐப்பசி மழையில்தான். தி.நகருக்கு ரயிலில் வருகிறவர்கள் இறங்கும் மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டை ஒரு மழை நாளில் நினைத்துப் பாருங்கள், நான் ஏன் பயப்படுகிறேன் என்று புரியும்.

நெரிசலில் சாகிறவர்கள் எல்லோரும் மிதிபட்டுச் சாகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பலர் நின்றபடியே மூச்சு முட்டித்தான் சாகிறார்கள். நாலா பக்கமும் அழுத்தும்போது நெஞ்சு விரிய இடமில்லை, அவ்வளவுதான். அதனால் உடம்பு தன்னிஷ்டத்துக்கு நகர முடியாமல் கூட்டமே உங்களைத் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தால், பையைக் கீழே போட்டாலும் சரி, இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் கொண்டு வாருங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள். கூட்டத்தோடு போனபடியே கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வாக ஓரத்துக்கு வாருங்கள். செருப்பு கழன்றாலும் போன் விழுந்தாலும் குனியவே கூடாது. ரயிலில் வருகிறவர்களுக்கு 2023-இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாலம் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை 570 மீட்டர். கடைகளுக்கு நடுவில் முண்டியடித்துப் போவதைவிட அதில் நடப்பது எவ்வளவோ மேல். வயதானவர்களோடு வந்தால் அதைத்தான் பிடிக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். கையில் பேனாவால் நம்பர் எழுதினால் வியர்வையில் அரைமணி நேரம் தாங்காது. ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு பேருடைய போன் நம்பரை எழுதி, சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டையின் உள்பக்கம் ஊக்கு குத்தி விடுங்கள். பெயரை வெளியே தெரிகிற மாதிரி எழுத வேண்டாம். முன்பின் தெரியாத ஆள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிப் போய்விடும். கிளம்பும்போது அன்றைய டிரஸ்ஸோடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காணாமல் போன பதற்றத்தில் சிவப்புச் சட்டையா நீலச் சட்டையா என்று பெற்ற தாய்க்கே ஞாபகம் வராது. தொலைந்துவிட்டால் தேடிக்கொண்டு நடக்காமல் அதே இடத்தில் நில், இல்லையென்றால் பக்கத்துக் கடையில் பில் போடுகிற அக்காவிடம் போய்ச் சொல் என்று முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். பெரியவர்களும் ஒரு இடம் பேசி வைத்துக்கொள்வது அவசியம். அந்தக் கூட்டத்தில் பல சமயம் போன் லைனே கிடைக்காது. சிவா விஷ்ணு கோயில் வாசல் என்று முடிவு செய்தால் எல்லோரும் அங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

பெண்கள் தண்ணீரே குடிக்காமல் கடை ஏறி இறங்குவது எனக்கு ஆறவே ஆறாத விஷயம். பாத்ரூம் எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்ற பயத்தில் காலை டிபனோடு வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். சர்க்கரை, பிரஷர் உள்ள அம்மாக்கள் மத்தியானம் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். எந்தக் கடையில் சுத்தமான பாத்ரூம் இருக்கிறதோ அங்கே முதலில் போங்கள். மாத்திரையும் இரண்டு இட்லியும் பையில் இருக்கட்டும்.

பணத்தைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. நமக்குப் பணம் வர யூபிஐ பின் போடத் தேவையே இல்லை. போடச் சொல்கிறவன் திருடன். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் அடியுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மாடிப்படியைப் பற்றி. ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸில் 2008 செப்டம்பரில் தீப்பிடித்து ஊழியர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். 2017 மே 31 அதிகாலை உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டிடம் பற்றிக்கொண்டது. ஒரு நாளுக்கு மேல் எரிந்து, கடைசியில் கட்டிடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. கடை திறக்காத நேரம் என்பதால் உள்ளே வாடிக்கையாளர்கள் இல்லை. அதே தீ தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குப் பிடித்திருந்தால் என்று யோசித்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஆகவே எந்தப் பெரிய கடைக்குப் போனாலும், மேலே லிஃப்டில் போனாலும் சரி, இறங்கும்போது ஒருமுறை படியில் இறங்கிப் பாருங்கள். தீபாவளி சமயத்தில் பல கடைகளில் அந்தப் படியில் என்ன இருக்கும்? பிரிக்காத துணி பண்டல்கள், காலி அட்டைப்பெட்டிகள். நாலு பேர் சேர்ந்து இறங்க வேண்டிய படியில் ஒருவர் உடம்பைத் திருப்பிக்கொண்டு இறங்குவார். அவசரத்துக்குக் கதவு என்று எழுதியிருக்கும் இடத்தில் பூட்டு தொங்கும். புகை வந்து கரண்ட் போனால் முதலில் தேடப்போவது அந்தப் படியைத்தான்.

அந்த மாடிகளில்தான் விற்பனைப் பிள்ளைகள் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிறார்கள். அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஆனாலும் கூட்ட நாளில் நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேர் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். நாம் இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவோம், அவர்கள் அதே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் மாசம் முழுக்க இருக்கிறார்கள். படியை மறிக்காதீர்கள் என்று முதலாளியிடம் அவர்களால் வாய் திறக்க முடியாது, வேலை போய்விடும். காசு கொடுக்கிற நம்மால் முடியும்.

பில் போடும்போது கவுண்டரில் இருப்பவரிடமோ மாடி சூப்பர்வைசரிடமோ, "படியில இருக்கிற பண்டலை எடுத்துடுங்க, பூட்டைத் திறந்து வையுங்க" என்று சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னால் போதும். ஒரே நாளில் பத்துப் பேர் இதைச் சொன்னால் முதலாளி காதுக்குப் போகாமல் இருக்காது. நான் போகிற கடைகளில் எல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், இந்த வருடமும் சொல்வேன்.