ஒரு லப்டொப் பற்றரி மாற்ற இவ்வளவு பாடா?

40 வீதம் என்று காட்டும், அடுத்த நொடி திரை கறுத்துப் போகும். அப்படியென்றால் அந்த 40 எதற்கு? பற்றரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தால், புதிதில் 41,000 மில்லிவாட் மணி இருந்த கொள்ளளவு இப்போது முழுதாய் ஏற்றினாலும் 11,000-ஐத் தாண்டவில்லை. லித்தியம் அயன் பற்றரி சூடு பட்டால் சீக்கிரம் தேயும், சரி, திருகோணமலை வெயிலில் சூடு படாமல் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கடை கடையாய் ஏறி இறங்கினால் எல்லாரிடமும் ஒரே பதில்: "கொழும்பில இருந்து வரவேணும் தம்பி, அடுத்த கிழமை வாங்கோ." அடுத்த கிழமை போனால் அதற்கடுத்த கிழமை. அவசரத்துக்கு மலிவாய் ஒன்றைப் போட்டதில், சில மாதத்திலேயே வயிறு உப்பி டச்பேடை மேலே தள்ளி, ஒரு பக்க மூடியே பிளந்து நிற்கிறது. வெளிநாட்டில் இருந்து எடுப்போம் என்றால், லித்தியம் அயன் பற்றரியைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரலில் இருந்து தடை. பாதுகாப்புக்குத்தான், விளங்குகிறது. ஆனால் முந்தி பின்பக்கக் கொளுக்கியைத் தள்ளினால் கையோடு கழன்று வந்த பற்றரியை, எதற்காக உள்ளே வைத்துத் திருகாணி போட்டுப் பூட்டினார்கள்?

கரண்ட் போனால் வேலை போகிறது, வயர் காலில் தட்டினாலும் வேலை போகிறது. சுவரோடு கட்டிப்போட்டு வைக்கவா லப்டொப் வாங்கினோம்? இதற்குள் கடைக்காரர்கள் முற்பணம் வேறு வாங்கி வைத்திருக்கிறார்கள், கோல் எடுத்தால் பதிலே இல்லை!