லின்ஸிலிருந்து விருந்தாளி

வியன்னாவின் ஃபாவரிட்டன் பகுதி. ஒரே கட்டடத்தில் அக்கா மேல்மாடி, தம்பி கீழ்வீடு. இருவரும் பிறந்து வளர்ந்து ஓய்வு பெற்றதெல்லாம் இதே ஊரில். தம்பி 30 வருடம் டிராம் ஓட்டியவர், அதுவும் டி தடத்திலும் 71ஆம் தடத்திலும். (71 மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வண்டி. இந்த ஊரில் ஒருவரைப் பற்றி ‘71இல் ஏறிவிட்டார்’ என்று சொன்னால், துக்கம் விசாரிக்கக் கிளம்ப வேண்டும்.) உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிற இந்த ஊரின் அரண்மனைகளில் ஒன்றில்கூட இருவரும் கால் வைத்ததில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு எங்கேயும் உள்ள வியாதிதான். அடுத்த சனிக்கிழமை பெரியம்மா மகள், ஆஸ்திரியாவின் இன்னொரு நகரமான லின்ஸிலிருந்து வருகிறாள். அவளுக்கு ஊரைச் சுற்றிக்காட்ட வேண்டும். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, கேள்வி கேட்டே பழகியவள். அதனால் இன்று ஒத்திகை.

காலை, ஷோன்புருன் அரண்மனை வாசல்.

தம்பி: அக்கா, பள்ளிக்கூடத்தில் ஒருதரம் இங்கே கூட்டி வந்தார்களே, அப்போது நீ பார்க்கவில்லையா?

அக்கா: அன்றைக்கு எனக்கு அம்மை போட்டிருந்தது. நீயாவது உன் வகுப்போடு வந்திருக்கலாமே?

தம்பி: அந்த அம்மை உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது.

அக்கா: சரி, கவனி. லின்ஸ்காரி வந்ததும் முதலில் எத்தனை அறை என்றுதான் கேட்பாள். 1,441. எங்கே, சொல்லு பார்ப்போம்.

தம்பி: 1,441. இத்தனையையும் யார் பெருக்குவது?

அக்கா: அது என் கேள்வி, நீ கேட்காதே. நமக்குக் காட்டுவது ஏறக்குறைய 40 அறைதான்.

தம்பி: சீட்டுக்கு இவ்வளவு வாங்கிக்கொண்டு 40தானா? மிச்சத்தை என்ன செய்கிறார்கள்?

அக்கா: அலுவலகம் இருக்கிறது, அது இது என்று இருக்கிறது. சிலதை வீடாக வாடகைக்கும் விட்டிருக்கிறார்கள்.

தம்பி: அரண்மனையில் குடித்தனமா! நான் கல்யாணமான புதிதில் வீடு தேடி அலைந்தபோது ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே!

அக்கா: திறந்திருந்தால் மட்டும்? டிராம் நிறுத்தத்திலிருந்து நடக்க வேண்டுமா என்று கேட்டிருப்பாய்.

(உள்ளே. ஃபிரான்ஸ் ஜோசப் பேரரசரின் படுக்கையறை.)

தம்பி: இதுவா பேரரசர் கட்டில்? எங்கள் பணிமனை ஓய்வறையில் இதைவிட நல்ல கட்டில் கிடந்தது.

அக்கா: சாதாரண இரும்புக் கட்டில்தான். 1830இல் இந்த அரண்மனையில் பிறந்தார், 1916இல் இந்த அறையிலேயே போய்ச் சேர்ந்தார். நடுவில் 68 வருடம் ஆட்சி. விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் எழுந்து மேஜையில் உட்கார்ந்துவிடுவாராம்.

தம்பி: முதல் ஷிப்ட்! நம் ஆள். எத்தனை வயதில் ஓய்வு கொடுத்தார்கள்?

அக்கா: யார் கொடுப்பது? உயிர் போன அன்றைக்கும் கோப்பு பார்த்திருக்கிறார்.

தம்பி: 68 வருட சர்வீஸ். ஒரு பிரிவுபசார விழா இல்லை, ஒரு கைக்கடிகாரம் இல்லை. எங்கள் சங்கம் இருந்திருந்தால் விட்டிருக்காது.

அக்கா: இங்கே வா. இது அவருடைய கழிப்பறை. 1899இல் வைத்தார்கள்.

தம்பி: பட்டத்துக்கு வந்தது?

அக்கா: 1848.

தம்பி: அப்படியென்றால் 51 வருடம்...

அக்கா: சத்தமாகக் கணக்குப் போடாதே. பின்னால் ஆட்கள் வருகிறார்கள்.

(அரசி மரியா தெரேசியா காலத்து அறைகள். அந்த அம்மையாருக்கு 16 குழந்தைகள். ‘பதினாறும் பெற்று’ என்ற வாழ்த்தை எண்ணிக்கை பிசகாமல் நிறைவேற்றியவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.)

அக்கா: இந்தக் கண்ணாடி அறையைப் பார். மோட்ஸார்ட் 1762இல் இந்த அரண்மனையில் அரசிக்கு முன்னால் வாசித்துக் காட்டினான். அப்போது வயது ஆறு. நீ ஆறு வயதில் என்ன செய்துகொண்டிருந்தாய்?

தம்பி: டிராம் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாவி கொடுத்தால் ஓடுமே, அது. கட்டிலுக்கு அடியிலிருந்து சமையலறை வரைக்கும், நேரம் தவறாமல்.

அக்கா: அடுப்பைக் கவனித்தாயா? இவ்வளவு உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று நிற்கிறது, விறகு போட வாயே இல்லை!

தம்பி: அலங்காரத்துக்கு வைத்திருப்பார்கள்.

அக்கா: இல்லையாம். சுவருக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கென்று தனி நடை. அங்கிருந்தே விறகு திணிப்பார்கள். அறைக்குள் ஒரு சிம்பு விழாது, சாம்பல் பறக்காது. இத்தனை வருடம் சாம்பல் அள்ளிய என்னிடம் யாராவது இதைச் சொன்னார்களா?

தம்பி: சொல்லியிருந்தால் அந்தப் பின்பக்க நடையில் நான்தான் நின்றிருப்பேன்.

(மில்லியன் அறை. சுவர் முழுக்க அருமையான மரப் பலகை. அதில் தங்கச் சட்டத்துக்குள் குட்டிக் குட்டி ஓவியங்கள்.)

தம்பி: இதில் இருக்கிறவர்கள் நம் ஊர்க்காரர்கள் மாதிரி தெரியவில்லையே. தலைப்பாகை, யானை...

அக்கா: இந்தியாவிலிருந்து வந்தவை. முகலாயர் காலத்துச் சிற்றோவியங்கள். ஏட்டில் வைத்துப் பார்க்க வேண்டியதை, அரச குடும்பத்தாரே உட்கார்ந்து வெட்டி, இந்தச் சட்டங்களுக்குத் தக்கபடி சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள்.

தம்பி: கத்தரிக்கோலாலா?

அக்கா: பின்னே?

தம்பி: உன் கல்யாண ஆல்பத்தை நான் வெட்டி ஒட்டியதற்கு அம்மா என் முதுகுத் தோலை உரித்தாள். இவர்கள் செய்தால் மில்லியன் அறை!

அக்கா: நீ மாப்பிள்ளையின் தலையை வெட்டி ஒரு குதிரைமேல் ஒட்டினாய்.

தம்பி: இங்கேயும் என்னென்ன தலை எங்கெங்கே இருக்கிறதோ, யார் கண்டது?

(வெளியே தோட்டம். இதற்குச் சீட்டு வேண்டாம். 1779 வாக்கிலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தம்பியின் முகம் இப்போதுதான் மலர்ந்தது.)

தம்பி: ஐயோ, அங்கே பார்! தூண் விழுந்து, வளைவு உடைந்து, செடி முளைத்து... இவ்வளவு காசு வாங்குகிறார்கள், இதைச் சரிசெய்யக் கூடாதா?

அக்கா: அது ரோமானிய இடிபாடு. 1778இல் கட்டினார்கள்.

தம்பி: எப்போது இடிந்தது?

அக்கா: இடியவில்லை. கட்டும்போதே இடிந்த மாதிரி கட்டினார்கள். அந்தக் காலத்து நாகரிகம்.

தம்பி: அதற்குக் கொத்தனார் கூலி?

அக்கா: முழுக் கூலிதான். இன்னும் கேள். பிற்காலத்தில் அது நிஜமாகவே இடிய ஆரம்பித்துவிட்டது. பழுது பார்த்துத் திரும்ப நிறுத்தினார்கள்.

தம்பி: நல்லபடியாகவா, இடிந்தபடியாகவா?

அக்கா: இடிந்தபடியேதான்.

தம்பி: நம் கட்டடத்துப் படிக்கட்டை ஏன் யாரும் தொடுவதில்லை என்று இப்போது புரிகிறது. அது கலை.

(குன்றின் உச்சியில் குளோரியெட் மண்டபம், 1775இல் கட்டியது. ஏறி முடிக்கும்போது இருவருக்கும் பேச்சு இல்லை. மண்டபத்துக்குள் காப்பிக் கடை. விலைப் பட்டியலைப் படித்ததும் தம்பிக்குப் பேச்சு வந்துவிட்டது. அக்கா கைப்பையிலிருந்து தொத்திறைச்சி வைத்த ரொட்டி இரண்டை எடுத்தாள். இருவரும் புல்வெளி ஓரத்து பெஞ்சில் அரச மரியாதையுடன் உட்கார்ந்து தின்றார்கள். கீழே உள்ள விலங்குக் காட்சிச்சாலை 1752இல் தொடங்கியது. இன்றுவரை மூடாமல் நடப்பதில் உலகத்திலேயே பழையது என்று அக்கா மேலிருந்தபடியே கைநீட்டிக் காட்டினாள். ஒத்திகைக்கு அது போதும் என்று தீர்மானமாயிற்று.)

அடுத்தது பெல்வெடேர். டி டிராம். தம்பி ஓட்டுநருக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தார்.

தம்பி: இந்த வளைவில் மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை, பார்த்தாயா?

அக்கா: உனக்கு ஓய்வு கொடுத்து எட்டு வருடமாகிறது.

தம்பி: வளைவுக்கு ஓய்வு கொடுக்கவில்லையே.

(பெல்வெடேர். சாய்வான தோட்டத்தின் இரு முனையிலும் ஓர் அரண்மனை.)

அக்கா: இளவரசர் ஒய்கன் கட்டியது. கீழே இருப்பது வசிக்க, மேலே இருப்பது வந்தவர்களை வாய்பிளக்க வைக்க. பிரான்சில் பதினான்காம் லூயி இவரைப் படையில் சேர்க்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டான். இங்கே வந்து தளபதியாகிவிட்டார்.

தம்பி: என்னையும்தான் ரயில் ஓட்ட எடுக்கவில்லை. எனக்கு ஓர் அரண்மனைகூட வரவில்லை. பிள்ளைகுட்டி?

அக்கா: கல்யாணமே செய்யவில்லை. எல்லாம் அண்ணன் வழிப் பெண்ணுக்குப் போயிற்று. அவள் விற்றுவிட்டாள்.

தம்பி: சொந்தக்காரர்கள் எங்கேயும் ஒரே மாதிரிதான்.

(கிளிம்ட் வரைந்த ‘முத்தம்’. நீளம் 180 செ.மீ., அகலமும் அதே. தங்கத் தகடு பளபளக்கிறது. முன்னால் முப்பது பேர் கைபேசியைத் தூக்கியபடி.)

தம்பி: டி வண்டியில் இந்த நிறுத்தத்தில் மட்டும் ஜோடி ஜோடியாக இறங்குவார்கள். 30 வருடம் ஏன் என்று தெரியாமலே கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

அக்கா: வரைந்து முடிக்கும் முன்பே, 1908இல், அரசாங்கம் வாங்கிவிட்டது.

தம்பி: ஆண்பிள்ளை முகமே தெரியவில்லையே.

அக்கா: அவளுக்குத் தெரிந்தால் போதாதா?

தம்பி: அவள்தான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாளே! அதைவிடு, காலைப் பார். பூத்தரை முடிகிற இடத்தில், விளிம்புக்கு வெளியே விரல்! மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்கிறாள், அக்கா. இப்படி ஒருத்தி நின்றால் நான் வண்டியை எடுக்கவே மாட்டேன்.

(பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் நகர்ந்து போனாள்.)

மாலை. மியூசியம்ஸ்குவார்டியர். பேரரசரின் குதிரை லாயமாக இருந்த இடம். 2001இல் அருங்காட்சியகம், நடனம், குழந்தைகள் நாடகம் என்று கலைக்காரர்களின் பேட்டையாகிவிட்டது. முற்றம் முழுக்க இளைஞர்கள், பெரிய பெரிய வண்ண இருக்கைகளில் சாய்ந்து கிடக்கிறார்கள்.

அக்கா: அந்த வெள்ளைக் கட்டடம் லியோபோல்ட் அருங்காட்சியகம். எதிரே கறுப்பாக இருப்பது நவீன கலைக்கு.

தம்பி: பல் தேய்ப்பதற்கு முன், பின்.

அக்கா: நடுவில் ஒரு கோபுரமும் வருவதாக இருந்தது. ஊர்க்காரர்கள் சண்டை போட்டு நிறுத்திவிட்டார்கள்.

தம்பி: நானும் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா: கோபுரத்துக்கு எதிராகவா?

தம்பி: எதற்கு எதிராக என்று யார் படித்தார்கள்? ‘வேண்டாம்’ என்று போட்டிருந்தது, போட்டுவிட்டேன்.

(இருவரும் ஒரு மஞ்சள் இருக்கையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்பதைவிட விழுந்தார்கள் என்பதே சரி. அரை மணி நேரம் கழிந்தது.)

அக்கா: எழுந்திரு.

தம்பி: நீ முதலில் எழுந்து எனக்குக் கை கொடு.

அக்கா: நீ கை கொடுத்தால்தான் நான் எழுந்திருக்க முடியும்.

(அந்த நேரம் பார்த்துக் கைபேசி ஒலித்தது. லின்ஸ். அக்கா காதில் வைத்தாள். ‘ம்’ என்றாள். ‘ஓ’ என்றாள். வைத்துவிட்டாள்.)

தம்பி: என்னவாம்?

அக்கா: ஷோன்புருனை மூன்று தரம் பார்த்துவிட்டாளாம். பெல்வெடேர் இரண்டு தரம். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வருவாளாம்.

தம்பி: நாம் இங்கே இருப்பது தெரிந்தும் ஒருதரம்கூட வீட்டுக்கு வரவில்லையா?

அக்கா: அதைத்தான் நானும் ‘ஓ’ என்று கேட்டேன்.

தம்பி: அப்படியானால் சனிக்கிழமை?

அக்கா: பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் மூன்று பேர் சமாதிக்கும் பூ வைக்க வேண்டுமாம். மத்தியக் கல்லறைத் தோட்டம்.

தம்பி: (நிமிர்ந்து) 71! அதை முதலிலேயே சொல்லக் கூடாதா? அந்த வழியில் எனக்கு ஒத்திகையே வேண்டாம். கண்ணைக் கட்டிவிட்டாலும் உங்கள் இரண்டு பேரையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன்.

அக்கா: சேர்ப்பது இருக்கட்டும். திரும்பி வருகிற வண்டி எத்தனை மணிக்கு, அதை முதலில் சொல்.